அரசனின் அருகே அமர்ந்திருப்பவன்
சிசிலியின் பாவைக்கூத்தும் எமது வீடுகளும்

இத்தாலி மண்ணில் வாழ்கின்ற எமது பெற்றோருக்கும், இம்மண்ணிலேயே பிறந்து வளர்ந்துவரும் எமது இளையோருக்கும் இக்கட்டுரை எழுதப்படுகின்றது. கூத்தைப் பற்றித் தொடங்கினாலும், இது கூத்தைப் பற்றி மட்டும் பேசுவதன்று.

1980களிலிருந்து பலெர்மோ நகரில் குடியேறி வாழ்ந்துவரும் எம்மவருக்கு அந்நகரின் பல வழிகள் பழகிப்போனவை. சாந்தா ரொசாலியாவின் குகைக் கோயிலை நாடிப் பெல்லெகிரீனோ மலையில் சைவரும் கத்தோலிக்கருமாக எம்மவர் ஏறிச் செல்லும் காட்சி அந்நகர மக்களுக்கே பழகிய ஒன்று. ஆனால் அதே நகரின் மாசிமோ அரங்குக்கு அருகிலுள்ள ஒடுங்கிய தெருவொன்றில் குத்திக்கியோ குடும்பத்தினர் நடத்திவரும் பாவைக்கூத்து அரங்கினுள் எம்மவரில் எத்தனை பேர் நுழைந்திருப்பர்? 1975ஆம் ஆண்டு நிறுவப்பட்ட, அந்தோனியோ பஸ்குவலீனோவின் பெயர் தாங்கிய அனைத்துலகப் பாவை அருங்காட்சியகத்திற்கு எம் பிள்ளைகளில் எத்தனை பேர் பள்ளிச் சுற்றுலாவன்றிப் பெற்றோருடன் சென்றிருப்பர்?

சிசிலியின் இப்பாவைக்கூத்தை 'ஓப்பெரா தெய் பூப்பி' என்பர். மரத்தாற் செய்து உலோகக் கவசம் பூட்டிய பாவைகளை மேலிருந்து இரும்புக் கம்பிகளால் இயக்குவர். பலெர்மோப் பாவைகள் முழங்கால் மடக்கும்; உறையிலிருந்து வாளை உருவும். கத்தானியாப் பாவைகளோ அவற்றிலும் பெரியவை, பாரம் மிக்கவை. அவற்றின் முழங்கால் மடங்காது. இக்கலையை 2001ஆம் ஆண்டு யுனெஸ்கோ நிறுவனம் மானுடத்தின் வாய்மொழி மரபுச் செல்வங்களுள் ஒன்றாக அறிவித்தது. 2008இல் அது உலகப் பண்பாட்டு மரபுப் பட்டியலிலும் சேர்க்கப்பட்டது.

இக்கூத்தின் கதை பிரான்சு நாட்டுப் பேரரசன் சார்லமேனையும் அவனுடைய வீரர்களையும் பற்றியது. பறக்கும் குதிரை, மந்திரவாதி, அரக்கர், மாய நீரூற்று எனக் கற்பனைக்கு அதில் குறைவில்லை. ஆயினும் அடிப்படையில் அது ஒரு குடும்பக் கதை. பேரரசனின் தங்கை மகன் ஒர்லாண்டோ. ஒர்லாண்டோவின் ஒன்றுவிட்ட சகோதரன் ரினால்டோ. ரினால்டோவின் தங்கை, வாளேந்திப் போரிடும் பிரதமாந்தே. அவர்களின் உறவினன் மந்திரவாதி மலஜீஜி. இவர்கள் எல்லோருக்கும் நடுவே, அரசனுக்கு மிக நெருக்கமாக அமர்ந்திருப்பவன் கானோ. பழைய பிரெஞ்சுக் காவியத்தில் அவன் ஒர்லாண்டோவின் தாயை மறுமணம் செய்தவன். அதாவது, அவனும் வீட்டுக்குள் இருப்பவனே.

முன்னாளில் இக்கூத்து ஒரே இரவில் முடிவதன்று. ஒவ்வொரு மாலையும் ஒரு பகுதியென மாதக்கணக்கில் தொடர்ந்து நடக்கும். அதைப் பார்க்க வந்தோரிற் பெரும்பாலோர் உழைக்கும் மக்கள். 1858 முதல் 1860 வரை ஜூஸ்தோ லோதிகோ என்பவர் பலெர்மோவில் இக்கதைகளைத் தொகுத்து நூலாக வெளியிட்டார். பாவைக்கூத்துக் கலைஞர் பலருக்கும் அதுவே மூல நூலாயிற்று. இன்று எம் வீடுகளில் மாலையானதும் தொலைக்காட்சித் தொடர் ஓடுவதைப் போலவே, அன்று அம்மக்களுக்கு ஒர்லாண்டோவும் ரினால்டோவும் நாள்தோறும் வந்துபோகும் உறவினர் ஆயினர்.

அரசனின் பிழை

இக்கதையில் மிகவும் தவறாக மதிக்கப்படுபவன் ரினால்டோ. அவன் அடங்காதவன், அரசவை ஒழுங்குக்குக் கட்டுப்படாதவன், கையில் பொருள் தங்காதவன். ஆனால் அரசனுக்கு உற்ற நேரத்தில் உயிரைக் கொடுக்க முன்நிற்பவனும் அவனே. கானோவோ இனிமையாகப் பேசுபவன், அரசனின் குணமறிந்து நடப்பவன். அவன் ரினால்டோவைப் பற்றி அரசனின் காதில் ஓதுகின்றான், அரசன் நம்புகின்றான், ரினால்டோ நாடுகடத்தப்படுகின்றான். கானோவின் வஞ்சகம் வெளிப்பட்ட பின்னரும் அரசன் மன்னிக்கின்றான், மீண்டும் நம்புகின்றான். முடிவில் ரொன்சவால் மலைக் கணவாயில் ஒர்லாண்டோவும் தோழர்களும் மடிந்த பின்னரே அவனுக்குக் கண் திறக்கின்றது. கானோவுக்குத் தண்டனை கிடைக்கின்றது. ஆனால் மடிந்தவர் மீளவில்லை.

அரங்கில் அமர்ந்திருப்போருக்குக் கானோவின் சூழ்ச்சி முழுவதும் தெரியும். அரசனுக்கு மட்டும் தெரியாது. அதனால்தான் அன்றைய பலெர்மோ மக்கள் கானோவின் பாவை மேடைக்கு வந்ததும் வசைபாடினர். கையிற் கிடைத்ததை அதன்மேல் எறிந்தும் இருக்கின்றனர். ஆனால் ஆழ்ந்து நோக்கினால் இக்கதையின் பெருங்குற்றவாளி கானோ மட்டும்தானா? பொய் சொல்வது கானோவின் இயல்பு. அதை ஆராயாமல் நம்பியது யார்? குற்றஞ்சாட்டப்பட்டவனைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்காமல் தீர்ப்பளித்தது யார்?

தமிழருக்கு இவ்விடத்தில் சிலப்பதிகாரம் நினைவுக்கு வராமற் போகாது. அரசியின் சிலம்பைத் திருடியவன் பொற்கொல்லன். அவனே கோவலனைக் கள்வனென்று அரசனுக்குக் காட்டிக் கொடுத்தான். பாண்டியன் நெடுஞ்செழியன் தீயவனல்லன். ஆனால் ஊடல்கொண்ட அரசியைச் சமாதானப்படுத்தச் சென்றுகொண்டிருந்த வேளையில் ஆராயாமல் ஆணையிட்டான். கண்ணகியின் சிலம்பிலிருந்து முத்துக்குப் பதில் மாணிக்கம் தெறித்தபோது தன் பிழையை உணர்ந்து உயிர்விட்டான். பரலைப் பார்ப்பதற்கு எவ்வளவு நேரம் வேண்டும்? அந்தச் சிறுபொழுதை அவன் முன்னரே செலவிட்டிருந்தால் மதுரை எரிந்திராது.

எனவே இக்கூத்து எமக்கு அந்நியமானதன்று. இன்னுமொரு தொடர்பும் உண்டு. கேரளக் கரையோரத்து லத்தீன் கத்தோலிக்க மக்களிடையே வழங்கும் சவிட்டு நாடகத்தில் 'காறல்மான் சரிதம்' என்னும் கூத்து புகழ்பெற்றது. காறல்மான் என்பது சார்லமேனே. அதை இயற்றியவர் சின்னத்தம்பி அண்ணாவியார் என்னும் தமிழர் என்பது மரபு. அக்கூத்தின் மொழியிலும் தமிழே மிகுந்திருக்கின்றது. ஈழத்து நாட்டுக்கூத்தில் ஆசானை நாம் எவ்வாறு அழைக்கின்றோமோ அதே 'அண்ணாவி' என்ற பெயரைத் தாங்கியவர் பிரான்சு அரசனின் கதையைப் பாடியிருக்கின்றார்! பலெர்மோவில் வளரும் தமிழ்ப் பிள்ளைக்கு இதைவிடப் பெருமைதரும் செய்தி வேறென்ன வேண்டும்?

இசையால் அறிமுகமாகும் வில்லி

இனி எம் வீடுகளில் ஓடும் தொடர்களைப் பார்ப்போம். 2017 முதல் 2018 வரை சன் தொலைக்காட்சியில் ஒளிபரப்பான 'நந்தினி', இந்தியிலிருந்து மொழிமாற்றப்பட்ட 'நாகினி' போன்ற மாயாசாலக் குடும்பத் தொடர்கள் புலம்பெயர் நாடுகளிலும் ஏராளமான எம்மவரை ஈர்த்தன. பாம்பும் பேயும் இல்லாத தொடர்களிலும் மாமியார், மருமகள், நாத்தனார் என்ற வட்டமே சுழல்கின்றது. இவற்றைப் பார்ப்பது குற்றமென்று இக்கட்டுரை சொல்ல வரவில்லை. வேலை முடிந்து களைத்து வரும் தாய்க்குத் தமிழ்க்குரல் கேட்பதே ஓர் ஆறுதல் என்பதை மறுப்பவர் யார்?

ஆனால் இத்தொடர்கள் எமக்கு ஒரு தீய பழக்கத்தைக் கற்பிக்கின்றன. வில்லி வரும்போது இசை மாறுகின்றது. கண்ணின்மேற் புருவம் உயர்கின்றது. ஒளிக்கருவி அவள் முகத்தை மும்முறை காட்டுகின்றது. பார்ப்பவர் எதையும் ஆராய வேண்டியதில்லை. தீயவர் தம்மைத் தாமே காட்டிக்கொள்வர் என்ற எண்ணம் மெல்ல மெல்ல எம் மனத்திற் படிகின்றது. வாழ்க்கையில் எவருக்கும் பின்னணி இசை ஒலிப்பதில்லை. கெடுதல் செய்பவர் பெரும்பாலும் சிரித்த முகத்துடன், பலகாரத் தட்டுடன், 'உங்கள் நன்மைக்காகத்தான் சொல்லுகிறேன்' என்ற முன்னுரையுடன்தான் வருவர்.

தோற்றத்தை வைத்து ஆளை எடைபோடும் இப்பழக்கம் எமது பழைய கதைகளிலும் உண்டு. இராமகாதையில் வஞ்சகம் செய்பவள் கூனி. அவளுடைய உடற்குறையே அவளது பெயராகிவிட்டது. ஆயினும், சிறுவயதில் இராமன் வில்லால் மண்ணுருண்டை எய்து அவள் கூனைத் தாக்கிய நிகழ்ச்சியைக் கம்பன் நினைவூட்டத் தவறவில்லை. பகைக்கும் ஒரு வரலாறு உண்டு என்பதைப் பெருங்கவிஞர் மறப்பதில்லை. சிசிலிக் கூத்திலோ பெருவீரன் ஒர்லாண்டோவின் பாவைக்கு மாறுகண் வைப்பது மரபு. மாறுகண் உடையவன் நாயகன். அரசனுக்கு இனியவன் துரோகி. பேய்களை ஏவும் மந்திரவாதி மலஜீஜியோ தன் உறவினரைப் பலமுறை காப்பாற்றுபவன். பார்வைக்கும் உண்மைக்கும் உள்ள இடைவெளியை இம்மரபு இவ்வாறு சொல்லிவைத்திருக்கின்றது.

ஈழத்துக் கூத்தரங்கும் இத்திசையில் நடந்திருக்கின்றது. 1960களில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் அவர்கள் மட்டக்களப்பு வடமோடிக் கூத்தைப் புதிய மேடைக்குக் கொண்டுவந்தபோது, 'கர்ணன் போர்', 'இராவணேசன்' ஆகியவை அரங்கேறின. பிறப்பால் ஒதுக்கப்பட்ட கர்ணனையும், அரக்கன் என்றே ஒதுக்கப்பட்ட இராவணனையும் மக்கள் புதிதாக எண்ணிப் பார்த்தனர்.

எமது இளையோர் படித்தும் பார்த்தும் வளர்ந்த கதைகளிலும் இதே உண்மை இருக்கின்றது. ஹரி பொட்டர் வரிசையின் மூன்றாம் நூல் 1999இல் வெளிவந்தது. அதில் சீரியஸ் பிளாக் என்பவன் நண்பனைக் காட்டிக்கொடுத்த கொலைகாரனென்று விசாரணையே இன்றிப் பன்னிரண்டு ஆண்டுகள் சிறையில் வாடியவன். உண்மையில் காட்டிக்கொடுத்தவனோ எலியுருவில் ஓர் அன்பான குடும்பத்தின் செல்லப் பிராணியாக அவ்வளவு காலமும் உண்டு உறங்கிக்கொண்டிருந்தான். 2017இல் வெளியான 'கோக்கோ' திரைப்படத்தில் ஒரு குடும்பம் தன் மூதாதை ஒருவன் மனைவி மகளைக் கைவிட்டு ஓடியவனென்று நம்பித் தலைமுறை தலைமுறையாக அவன் பெயரையே உச்சரிக்காமல் இருக்கின்றது. அவன் வீடு திரும்ப முனைந்தபோது உற்ற நண்பனாலேயே நஞ்சூட்டிக் கொல்லப்பட்டவன் என்பது பின்னர் தெரிகின்றது. பிள்ளைகள் இவற்றை எம்மைவிட நன்றாக அறிவர். அவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

எதிரி என்று காட்டப்பட்டவர்

சிசிலிக் கூத்திலும் ஒரு குறை உண்டு; அதையும் சொல்லத்தான் வேண்டும். அங்கே பகைப்படை எப்போதும் சரசேனியர், அதாவது முசுலிம்கள். ஆனால் 778ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15ஆம் நாள் சார்லமேனின் பின்படையை மலைக் கணவாயில் தாக்கியவர் பாசுக்கு இன மலைவாழ் மக்கள் என்று அவ்வரசனின் வரலாற்றை எழுதிய ஐன்ஹார்ட் குறிப்பிட்டுள்ளார். பின்வந்த பாடகர்கள் பகைவரை மாற்றிவிட்டனர். 831 முதல் 1072 வரை அரபியரின் ஆட்சியிலிருந்த பலெர்மோ நகரிலேயே இக்கதை பல்லாண்டு ஆடப்பட்டது என்பது வரலாற்றின் விந்தை.

ஆனால் கதையே தன் குறையை ஓரளவு திருத்திக்கொள்கின்றது. பிரதமாந்தே மனம் விரும்பும் ருஜ்ஜேரோ சரசேனியர் படையில் வளர்ந்த வீரன். அழிவோ அயலார் கூடாரத்தில் முளைக்கவில்லை, சொந்த அரண்மனையில் முளைத்தது. வேற்று நிறத்தவர், வேற்று மொழியினர் என்பதற்காகவே ஐயத்துடன் பார்க்கப்படும் எம்மவருக்கு இதன் பொருள் விளங்கும். அதே வேளை, எம் பிள்ளையின் இத்தாலிய நண்பனையோ, மொறோக்கோ நாட்டுத் தோழியையோ, வேறொரு நாட்டு அயலவரையோ நாம் எவ்வாறு பார்க்கின்றோம் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

எமது வீட்டிலுள்ள சார்லமேன்

புலம்பெயர் சமூகம் சிறியது. எல்லோரும் எல்லோரையும் அறிவர். ஒரு பெண்பிள்ளை தாமதமாக வீடு திரும்பினாள் என்ற செய்தி அவள் வீட்டுக் கதவை அடையுமுன் பலர் காதுகளை அடைந்துவிடும். ஓர் இளைஞன் படிப்பை மாற்றிக்கொண்டால் அவன் 'கெட்டுப்போனான்' என்ற தீர்ப்பு கோயில் வாசலிலேயே எழுதப்பட்டுவிடும். இந்நிலையில் தாயும் தந்தையும் செய்வதென்ன? பெரும்பாலும் சார்லமேன் செய்ததையே செய்கின்றனர். சொன்னவரை நம்புகின்றனர், சொல்லப்பட்ட பிள்ளையை விசாரிப்பதற்கு முன்பே தண்டிக்கின்றனர். மானம் என்ற சொல்லுக்கு அஞ்சி, உண்மை என்ற சொல்லைக் கைவிடுகின்றனர். அவ்வாறு தண்டிக்கப்பட்ட பிள்ளை மெல்ல மெல்ல வீட்டிலிருந்து மனத்தால் நாடுகடந்துவிடுகின்றது. எத்தனை ரினால்டோக்களை நாமே உருவாக்கிவிட்டு, 'பிள்ளைகள் எம்மோடு கதைப்பதில்லை' என்று வருந்துகின்றோம்!

இதைவிடக் கொடியதொரு பக்கமும் உண்டு. அதைப் பேச எம் சமூகம் கூசுகின்றது. ஆனால் பேசாமலிருப்பதே தீங்கு செய்பவருக்குக் கவசமாகின்றது. சிறுவர் மீதான பாலியல் வன்முறைகளில் 70 முதல் 85 விழுக்காடு வரையானவற்றைச் செய்பவர் பிள்ளைக்குத் தெரிந்த, பிள்ளை நம்புகின்ற ஒருவரே என்று ஐரோப்பியப் பேரவை தன் விழிப்புணர்வுப் பரப்புரையில் அறிவித்திருக்கின்றது. இக்கொடுமைக்கெதிரான 2007ஆம் ஆண்டின் லான்சரோட்டே உடன்படிக்கையை இத்தாலி 2012ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் ஏற்றுள்ளது. தெரியாதவரிடம் இனிப்பு வாங்காதே என்று நாம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கின்றோம். தெரிந்தவரைப் பற்றி என்ன சொல்லிக் கொடுத்திருக்கின்றோம்? 'மாமாவுக்கு முத்தம் கொடு' என்று வற்புறுத்தும்போது பிள்ளை பின்வாங்கினால், அதன் முகத்தைக் கவனிக்கின்றோமா? ஒருவரின் வீட்டுக்குப் போகமாட்டேன் என்று பிள்ளை அடம்பிடித்தால், 'மரியாதை தெரியாத பிள்ளை' என்று அதட்டுகின்றோமா, அல்லது ஏன் என்று மெதுவாகக் கேட்கின்றோமா? அந்த ஒரு கேள்விதான் பரலைப் பார்க்கும் அந்தச் சிறுபொழுது.

இளையோருக்கும் ஒரு செய்தி. வீட்டிலுள்ளோர் கேட்க மறுத்தாலும் உங்களைக் கேட்க இந்நாட்டில் இடமுண்டு. 'தெலேபோனோ அத்சூர்ரோ' அமைப்பின் 19696 என்னும் எண்ணைச் சிறுவரும் இளையோரும் அழைக்கலாம். ஆபத்திலுள்ள சிறுவருக்கான அவசர எண் 114. இவ்வெண்களை அறிந்துவைத்திருப்பது குடும்பத்தைக் காட்டிக்கொடுப்பதாகாது. பெற்றோரும் இவற்றைப் பிள்ளைகளுக்குத் தாமே சொல்லிவைக்க வேண்டும்.

ஐயமும் தெளிவும்

அப்படியாயின் எல்லோரையும் ஐயுற வேண்டுமா? உறவும் நட்பும் இல்லாமல் அந்நிய மண்ணில் எவ்வாறு வாழ்வது? இது நியாயமான கேள்வி. எதுவும் தெரியாமல் இந்நாட்டில் வந்திறங்கிய நாளில் வேலையும் வீடும் தேடித் தந்தவர் எம்மவரே. அந்நன்றியை மறத்தல் ஆகாது. மேலும், ஐயம் என்பது கானோவின் படைக்கலமே. அரசனின் மனத்தில் ரினால்டோவைப் பற்றிய ஐயத்தை விதைத்தே அவன் வென்றான். எல்லோரையும் ஐயுறுபவன் விழிப்புடையவன் ஆகான். அவன் இன்னும் எளிதாக ஏமாற்றப்படுவான்.

திருவள்ளுவர் இதற்கு வழி காட்டியிருக்கின்றார். உட்பகைக்கென ஓர் அதிகாரம், கூடா நட்புக்கென ஓர் அதிகாரம், புறங்கூறாமைக்கென ஓர் அதிகாரம் வகுத்த அவரே, தெரிந்து தெளிதல் என்றோர் அதிகாரத்தையும் வகுத்தார். ஆராயாது நம்புவதும், ஆராய்ந்து நம்பியவரை மீண்டும் ஐயுறுவதும் ஆகிய இரண்டுமே தீராத் துன்பம் தரும் என்பது அவ்வதிகாரத்தின் முடிவு. சார்லமேன் இரண்டு பிழைகளையும் ஒருங்கே செய்தான். கானோவை ஆராயாது நம்பினான். பலமுறை தன் உண்மையை மெய்ப்பித்த ரினால்டோவை ஐயுற்றான்.

ஆகவே எமக்கு வேண்டியது ஐயமன்று, விசாரணை. யாரைப் பற்றியேனும் ஒரு குற்றச்சாட்டு வீட்டுக்குள் வந்தால் மூன்று கேள்விகளைக் கேட்போம். இதைச் சொன்னவர் தாமே கண்டாரா? இதனால் அவருக்கு ஆதாயம் உண்டா? குற்றஞ்சாட்டப்பட்டவர் என்ன சொல்கின்றார்? ஆனால் ஒரு பிள்ளை தனக்கு நேர்ந்த தீங்கைச் சொல்ல வரும்போது இக்கேள்விகளால் அதன் வாயை அடைத்துவிடக் கூடாது. அப்போது முதலில் கேட்போம், காப்போம். விசாரிப்பதை அதற்கென்று பயின்றவரிடம் ஒப்படைப்போம். பிள்ளையைக் காப்பதும் ஒருவருக்குத் தீர்ப்பு வழங்குவதும் வெவ்வேறு செயல்கள்.

பெற்றோரே, தொடர்களைத் தனியே பார்க்காதீர்கள். பிள்ளைகளோடு சேர்ந்து பாருங்கள். 'இவள் ஏன் இப்படிச் செய்தாள்? இவன் சொன்னதை எவராவது கேட்டனரா?' என்று தமிழிலேயே கேளுங்கள். மொழியும் வளரும், அறிவும் வளரும். விடுமுறை நாளொன்றில் அவர்களைப் பாவைக்கூத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். அங்கே அவர்கள் உங்களுக்குக் கார்லோ மாஞ்ஞோவின் கதையை விளக்கட்டும். திரும்பும் வழியில் நீங்கள் அவர்களுக்குப் பாண்டியன் நெடுஞ்செழியனின் கதையைச் சொல்லுங்கள். இரண்டு அரசர்களும் கேட்கத் தவறிய கேள்வியை எம் வீடுகளில் கேட்கப் பழகுவோம். பெற்றவர் தன்னைக் கேட்பார் என்று அறிந்த பிள்ளை, இடர் வரும்போது முதலில் அவர்களிடமே ஓடி வரும்.